மொட்டை மாடியில இருந்து ஆரம்பி, பாப்பா

பாப்பா, நீ அனுப்பின கரண்ட் பில்லைப் பார்த்தேன். ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட், 2,376 ரூபாய். பணத்தைவிட, "ராத்திரி பன்னெண்டு மணி ஆனாலும் ரூம் அனலா கொதிக்குதுக்கா, அத்தைக்குத் தூக்கமே இல்லை"ன்னு எழுதியிருந்தியே, அதுதான் எனக்குக் கவலை. வயசான உடம்பு ராத்திரிச் சூட்டைத் தாங்காது. பசங்க ரூம்ல இருக்கிற ஏசி போதாம பெரிய ரூமுக்கும் ஒண்ணு வாங்கலாமான்னு கேட்டிருக்கே. இப்போ வாங்காதே. மதுரை வெயில்ல, மேல் மாடியில, மேற்குப் பார்த்த ரூம்ல, தலைக்கு மேல வெறும் கான்கிரீட்டை வெச்சுக்கிட்டு எத்தனை ஏசி போட்டாலும் அது கூரையோட மல்லுக்கட்டிக்கிட்டேதான் இருக்கும். முதல்ல சூட்டை வெளியிலேயே நிறுத்துவோம். அப்புறம் வீட்டுக்குள்ள எது கரண்டைத் தின்னுதுன்னு பார்ப்போம். ரெண்டுக்கும் சேர்த்து ஏசி விலையில ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

அதுக்கு முன்னாடி பில்லைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. 2024 ஜூலையில வந்த கட்டணப்படி, நம்ம ஊர்ல வீட்டுக் கரண்டுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள நின்னா 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 கிடையாது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 ஆயிடும். 500-க்கு மேல 600 வரைக்கும் போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.40. நீ 540-க்குப் பதிலா 490-ல நின்னிருந்தா பில் 1,742 ரூபாய்தான். அம்பது யூனிட்டுக்கு 634 ரூபாய் வித்தியாசம். அதனால இப்போதைக்கு உன் குறி அந்த அம்பது யூனிட். அது கைக்கு வந்துட்டா அடுத்தது 400.

மீட்டர் சிமிட்டுறதைப் பாரு

கருவி எதுவும் வேணாம். உன் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் விட்டு விட்டுச் சிமிட்டும். அதுக்குப் பக்கத்துல 3200 அல்லது 1600-னு ஒரு எண் அச்சடிச்சிருக்கும். அத்தனை தடவை சிமிட்டினா ஒரு யூனிட்.

ஒரு ராத்திரி பசங்க தூங்கினதும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மீட்டர் பக்கத்துல போய் நில்லு. வீட்டுல எல்லாத்தையும் அணைச்சு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிட்டு, ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்துல ஓட விடு. செல்போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எண்ணு. மீட்டர்ல 3200-னு போட்டிருந்தா, 1125-ஐ அந்தச் செகண்டால வகு. 1600-னு இருந்தா 2250-ஐ வகு. வர்றது வாட்ஸ். பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், 3200 மீட்டர்ல பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை சிமிட்டும். ஏசியைப் போட்டுப் பாரு, விடாம வேகமா துடிக்கும். மாப்பிள்ளைக்கு எத்தனை தடவை சொன்னாலும் மனசுல ஏறாதது அந்தத் துடிப்பைப் பார்த்த உடனே ஏறிடும்.

எல்லா ஸ்விட்ச்சையும் அணைச்ச பிறகும் சிமிட்டுதா? அப்போ செட்டாப் பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர்னு ஒவ்வொண்ணா பிளக்கைப் பிடுங்கிப் பாரு. எல்லாத்தையும் பிடுங்கின பிறகும் சிமிட்டினா விட்டுடாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. வயர் எங்கேயோ ஈரத்துல கசியலாம், அது பில்லைவிட உயிருக்கு ஆபத்து. மாடிப்படி லைட்டோ பொது மோட்டாரோ உன் மீட்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கலாம். பல வீடு இருக்கிற கட்டடத்துல இது சகஜம்.

மொட்டை மாடிக்கு வெள்ளை

இப்போ முக்கியமான வேலைக்கு வர்றேன். மத்ததை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்.

உச்சி வெயில் பகல்ல அடிச்சாலும், கான்கிரீட் அதை உறிஞ்சி உள்பக்கம் இறக்கறதுக்கு மணிக்கணக்கா எடுத்துக்கும். அடுப்பை அணைச்ச பிறகும் சுடுற தோசைக்கல் மாதிரிதான். வெயில் தாழ்ந்து வெளியில காத்து குளுந்த நேரத்துல, உன் சீலிங் அப்போதான் சுட ஆரம்பிக்குது. நடுராத்திரி வரைக்கும் விடாது. ஃபேன் அந்த அனலைத்தான் அத்தை மேல தள்ளிக்கிட்டு இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு ஃபேனை அணைச்சுட்டு, ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்ல உள்ளங்கையை வை. அடுத்து கிழக்குச் சுவத்துல வை. எது குற்றவாளின்னு உன் கையே சொல்லும்.

நம்ம தாத்தா காலத்துக் கட்டடங்கள்ல மாடிக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணி ஊத்தித் தட்டி, அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. மழைத் தண்ணி இறங்காது, வெயிலும் சீக்கிரம் இறங்காது. இப்போ செலவைக் குறைக்கிறேன்னு பல பேர் வெறும் சிமெண்ட் பூச்சோட விட்டுடறாங்க. உன் வீட்டுலயும் அப்படித்தான்னு நினைக்கிறேன். மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு எழுது. இருக்கிற வீட்டுல அந்தக் கனத்தை மறுபடி ஏத்தறது பெரிய செலவு. ஆனா நிறத்தை மாத்தறது சின்னச் செலவு. அழுக்கேறி கறுத்துப்போன கான்கிரீட் வெயில்ல முக்கால்வாசியை உறிஞ்சிக்கும். புதுசா அடிச்ச வெள்ளை முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிடும். பொதுவா ரூம் சூட்டுல ரெண்டு மூணு டிகிரி குறையும். தெலங்கானாவில 2023-ல இதுக்குன்னே கூல் ரூஃப் பாலிசி கொண்டுவந்திருக்காங்க. அகமதாபாத்ல ஏழைங்க வீட்டுக் கூரைக்கெல்லாம் வெள்ளை அடிச்சிருக்காங்க. ஏசி வாங்க முடியாதவங்களுக்கும் கையில இருக்கிற வழி இது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா அதையே வாங்கு, நல்ல வெள்ளையா நிக்கும். கல்லு சுண்ணாம்பா இருந்தா பழைய இரும்பு டிரம்லயோ மண்தொட்டியிலயோ தண்ணியில போட்டு ஒரு ராத்திரி நீத்துப்போக விடணும். தண்ணி தளதளன்னு கொதிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் உருகிடும், பசங்களைக் கிட்டயே விடாதே. மறுநாள் பழைய வேட்டித் துணியில வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைச்சு, கையில ஒட்டாம இருக்கறதுக்குப் பசை சேர்க்கணும். பழைய வெள்ளையடிக்கிறவங்க வச்சிரம் போடுவாங்க, இப்போ ஃபெவிகால் ஊத்தறாங்க, ரெண்டும் சரி. கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்டும் கலந்தா மழைக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அடிக்கறதுக்கு முன்னாடி மாடியைத் துடைப்பம் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவு. பாசி, தூசு இருந்தா எல்லாம் உரிஞ்சு வந்துடும். விரிசல் இருந்தா முதல்ல அதை அடைக்கணும். ஒழுகற கூரைக்கு மேல வெள்ளை அடிச்சுப் பிரயோஜனம் இல்லை. வெயில் தாழ்ந்ததும் தரையை லேசா நனைச்சுட்டு, முதல் கோட்டை நீளவாக்குல அடிச்சு, மறுநாள் ரெண்டாவதைக் குறுக்குவாக்குல அடிக்கணும். வெயில்ல அடிச்சா பொசுக்குனு காய்ஞ்சு பொடியா உதிரும். ரெண்டு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை இல்லாம யாரையும் வேலை செய்ய விடாதே. கூலிக்கு வர்றவரா இருந்தாலும் நீயே வாங்கிக் கொடு. சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து.

தை, மாசியில அடிச்சா சித்திரை வெயிலுக்குப் புதுசா இருக்கும். மழையில கரையும், தூசி படியும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கடையில விக்கிற கூல் ரூஃப் பெயிண்ட் பல வருஷம் நிக்கும், ஆனா விலை பல மடங்கு. ஒரு வருஷம் சுண்ணாம்பு அடிச்சுப் பலனைப் பார்த்துட்டு அப்புறம் அதுக்குப் போகலாம். உங்க வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழாய் தொட்டிக்குப் போகுதுன்னா, முதல் ரெண்டு மழையை வெளியில திருப்பி விடு. வாடகை வீடுங்கிறதால வீட்டுக்காரர்கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கோ. செலவு உன்னுதுன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க.

மேற்குச் சுவரும் ஜன்னலும்

ஜன்னலுக்கு உள்பக்கம் எவ்வளவு கெட்டியான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ள வந்தது வந்ததுதான். மறைப்பு வெளியில இருக்கணும். மூங்கில் தட்டியோ, கோரைப் பாயோ, நர்சரியில போடற பச்சை நிழல்வலையோ, ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளித் தொங்க விடு. நடுவுல காத்து ஓடணும். மதுரைக் காத்து வறண்ட காத்து, அதனால வெட்டிவேர் தட்டியை நனைச்சு விட்டா நல்லா வேலை செய்யும், வாசனையும் கூட. சென்னையில இருக்கிற உன் நாத்தனாருக்கு இதைச் சொல்லாதே. அங்கே காத்துலயே அவ்வளவு ஈரம் இருக்கிறதால நனைச்ச தட்டியும் ஏர்கூலரும் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

காலையில ஒன்பது பத்து மணிக்கு மேற்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திடு. வெளிக்காத்து உள்ளே இருக்கறதைவிடச் சூடா இருக்கிற நேரத்துல அதை உள்ளே விடறதுல என்ன லாபம்? ராத்திரி ஏழு எட்டு மணிக்குக் குளுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வை. கொசுவுக்குப் பயந்துதான் எல்லாரும் சாத்திக்கிட்டுப் படுக்கறாங்க. ஜன்னல் சட்டத்துல வெல்க்ரோ ஒட்டி மாட்டற கொசுவலையை அளவு சொன்னா வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுக்கறாங்க. சுவத்து உச்சியில இருக்கிற வென்டிலேட்டரை நியூஸ்பேப்பர் வெச்சு அடைச்சிருந்தா பிச்சு எடுத்துடு. சூடான காத்து மேலதான் சேரும், அது வெளியேற அந்தக் காலத்துல வெச்ச வழி அது.

ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார்

நம்ம வீடுகள்ல அதிக நேரம் ஓடறது ஃபேன்தான். 75 வாட்ஸ் ஃபேன் தினம் பதினாறு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். அதே காத்தை 30 வாட்ஸ்ல தர்ற பிஎல்டிசி ஃபேன் 29 யூனிட்தான் எடுத்துக்கும். ஒரே ஃபேன்ல 43 யூனிட் மிச்சம். உன் அம்பது யூனிட் கிட்டத்தட்ட அங்கேயே வந்துடுச்சு. விலை மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்துல ஆகும். அதனால எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாதே. அத்தை இருக்கிற ரூம் ஃபேனை இப்போ மாத்து, ஹால் ஃபேனை அடுத்த போனஸுக்கு. விருந்தாளி ரூம் ஃபேனைத் தொடவே வேணாம், ஓடாத ஃபேன்ல மிச்சம் பிடிக்க ஒண்ணும் இல்லை. பிஎல்டிசி மாட்டும்போது சுவத்துல இருக்கிற ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனை விட்டு எடுத்துடச் சொல்லு. ரெகுலேட்டர் வழியா ஓடினா உள்ளே இருக்கிற சர்க்யூட் கெட்டுப்போகலாம்.

பழைய ஃபேன் மெதுவா சுத்துதுன்னா உடனே புதுசு வாங்க வேணாம். பெரும்பாலும் கன்டென்சர் போயிருக்கும். சாதாரணமா 2.5 எம்எஃப்டி, நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். இறக்கையைத் துடைச்சு அதையும் மாத்தினா பழைய வேகம் வந்துடும். கையளவு பெரிய, திருகினா டக்டக்னு சத்தம் போடற பழைய ரெகுலேட்டர் இருந்தா அதை மாத்து. ஃபேனைக் குறைச்சு வெச்சாலும் அது மிச்சக் கரண்டைச் சூடாக்கித்தான் விடுது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் செய்யாது.

ஃபிரிட்ஜ் ராத்திரி பகல்னு பார்க்காம ஓடற சாமான். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்குல வெச்சுச் சாத்தி, இழு. தடை இல்லாம வந்துட்டா அந்த இடத்துல குளிர் வெளியே போகுதுன்னு அர்த்தம். நாலு பக்கமும் இப்படிப் பாரு. உடனே ரப்பரை மாத்தச் சொல்ல மாட்டேன். மாவும் சாம்பாரும் வழிஞ்சு இறுகிப்போன ரப்பரைச் சோப்புத் தண்ணியில கழுவி, வெந்நீர்ல நனைச்ச துணியை அது மேல கொஞ்ச நேரம் வெச்சா இளகி மறுபடி ஒட்டிக்கும். ஃபிரிட்ஜைச் சுவத்தோட ஒட்டி வைக்காதே, பின்னாடி நாலு விரக்கடை இடம் விடு. மேற்குச் சுவத்து ஓரமா இருந்தா இடத்தையே மாத்து. பழைய மாடல்னா ஃப்ரீசர்ல ஐஸ் கட்டியா ஏற விடாதே. கொதிக்கக் கொதிக்க எதையும் உள்ளே வைக்காதேன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது அது.

மோட்டாரை யாருமே கணக்குல சேர்க்கறதில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். டேங்க் நிறைஞ்சு வழியறது தெரியாம தினம் அரை மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட். தண்ணியும் போச்சு. ஒரு அலாரம் மாட்டினா போதும், நிறைஞ்சதும் கத்தும். இன்னொண்ணு, கழிவறை ஃப்ளஷ் டேங்க். அது சத்தமில்லாம கசிஞ்சு கசிஞ்சு மோட்டாரை அதிகமா ஓட வைக்கும். ராத்திரி ஃப்ளஷ் டேங்க் உள்ளே சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு வை. யாரும் தண்ணி ஊத்தாம இருக்கும்போதே காலையில கீழே கோப்பையில நீலம் தெரிஞ்சா வாஷரை மாத்தணும். ரொம்பச் சின்னச் செலவு.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். குண்டு பல்பும் சோக் வெச்ச பழைய டியூப்லைட்டும் எங்கேயாவது மிச்சம் இருந்தா எல்இடியா மாத்து. பூஜை ரூமையும் பாத்ரூமையும் மறக்காதே. பசங்க ரூம் ஏசியை 26-ல வெச்சு ஃபேனைச் சின்னதா ஓட விடு. ஒரு டிகிரி ஏத்தினா ஏசி எடுக்கிற கரண்ட்ல ஆறு சதவீதம் வரைக்கும் குறையும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில காட்டிக் கழுவு. கதவுக்கு அடியில இடைவெளி இருந்தா பழைய புடவையைச் சுருட்டி வை. டிவியை ரிமோட்ல அணைச்சாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அது பத்து வாட்ஸ் எடுத்தாலும் ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட், சுவத்து ஸ்விட்ச்சை அணைக்கப் பசங்களைப் பழக்கு. கீசரைக் குளிக்கறதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டா போதும். வெயில் காலத்துல மாடியில இருக்கிற கறுப்பு டேங்க் தண்ணியே சுடுது, பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் கீசர் ஸ்விட்ச்சுக்கு மேல டேப் ஒட்டிடு.

மிக்ஸி, கிரைண்டர், செல்போன் சார்ஜர் பத்தியெல்லாம் கவலைப்படாதே. மிக்ஸி நிமிஷக்கணக்குலதான் ஓடுது. கிரைண்டர் ஒரு தடவை மாவாட்ட எடுக்கிறது யூனிட்ல பத்துல ஒரு பங்குதான். அதைக் குறைக்கிறேன்னு நீ கையால அரைச்சு உடம்பைக் கெடுத்துக்காதே. பிளக்குல சொருகினா பில் பாதியாகும்னு ஒரு சின்னப் பெட்டி விக்கறாங்க. அதை வாங்கவே வாங்காதே. உள்ளே இருக்கிறது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு லைட்டும். வீட்டு மீட்டர் ஓடற யூனிட்டைத்தான் எண்ணும், அந்தப் பெட்டி அதுல ஒண்ணையும் குறைக்காது. மீட்டர் சிமிட்டலை எண்ணத் தெரிஞ்சவளை யாரும் இப்படி ஏமாத்த முடியாது.

மாப்பிள்ளை மாடியில சோலார் போடலாமான்னு கேட்டாராமே. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா வாடகை வீட்டு மாடியில பேனல் போடறதுக்கு வீட்டுக்காரர்தான் முடிவு பண்ணணும். அவர் சரின்னு சொன்னாலும் அவசரப்படாதீங்க. ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்குச் சுமார் நாலு யூனிட் கொடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240. இப்போ இருக்கிற 540-க்கு ரெண்டு கிலோவாட்டுக்கு மேல போடணும். கூரையை வெளுத்து, ஃபேனை மாத்தி, மோட்டாரைக் கட்டுப்படுத்தின பிறகு வர்ற ரெண்டு பில்லைப் பாருங்க. 350-க்குப் பக்கத்துல வந்திருந்தா ஒண்ணரை கிலோவாட் போதும். அந்த எண்ணைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டுக்காரர்கிட்டயும் கம்பெனிக்காரங்ககிட்டயும் பேசச் சொல்லு.